மச்சான் கீழே இருக்கிறார்

படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டை யார் எழுதுவது என்று நீங்கள் நான்கு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். "அது கிளார்க் வேலை, நான் ஓவியம் படித்துவிட்டு வந்தவன்" என்று ஒருவர் சொன்னாராம். யார் என்பதும் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். காதைத் திருகுகிற தூரத்தில் நீங்கள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் சீட்டு எழுதினேன். அவற்றில் ஒன்றில் இரண்டே சொற்கள்தான். அந்த இரண்டு சொற்களால் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேன். ஓவியக் கூடத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

நான் சாயர்புரத்துக்காரி. பனங்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், நான் கரும்பலகையில் எழுதியிருந்த வாக்கியத்தைத் தப்பு என்று பிள்ளைகள் முன்னால் அழித்துவிட்டார். அது தப்பே இல்லை. அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அதே வாக்கியத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன். அதோடு என் டீச்சர் வேலை முடிந்தது. டீச்சர் என்ற பெயர் மட்டும் இன்றுவரை கூடவே வருகிறது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பஞ்சு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றின் மாடியில், இரண்டு அறையில் ஒரு படக்கூடம் இருந்தது. ஒரு வியாபாரி ஆசை ஆசையாகச் சேர்த்த படங்கள். சாகும்போது "இவையெல்லாம் ஊருக்கு" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பார்த்துக்கொள்ள ஐந்து பேர் கமிட்டி. அதன் செயலாளர் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர், ஊருக்கே அண்ணாச்சி. என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று அவர்தான் என்னை வேலைக்கு வைத்தார். கூடத்தைத் திறப்பது, தூசி தட்டுவது, உப்புக்காற்றில் படங்கள் பூஞ்சை பிடிக்காமல் காப்பது, வருகிறவர்களிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, எல்லாம் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்தபோது படங்களுக்குக் கீழே எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கு எழுதிவச்ச படம். ஊர்ல எத்தன பேருக்கு இங்கிலீஷ் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடைசியில் "எழுதித் தொல" என்றார். ஒவ்வொரு படத்துக்கும் அட்டை வெட்டி, மை தொட்டு, தமிழில் எழுதி ஒட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. நான் செய்த நல்ல காரியம் அது. என்னுடைய பெரிய தப்பும் அதற்குள்ளேதான் இருந்தது.

ஒரு படத்துக்கு மட்டும் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். அதற்குப் பல வருஷம் முன்னால், கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த சமயத்தில், வெளியூர் ஓவியர் ஒருவர் தோணியிலேயே கூடப் போய் உட்கார்ந்து வரைந்தது. அதற்குப் பிறகு கடலில் சிப்பி விளையவில்லை, குளிக்கிறவர்கள் சங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு தோணி. விளிம்பில் ஓர் ஆள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். விரல்களுக்கு நடுவில் ஒரு கயிறு தண்ணீருக்குள் போகிறது. அவர் கண்கள் மூடியிருக்கின்றன. சுற்றிலும் வெயில். அவ்வளவுதான் படம்.

நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், பாவம், அலுப்பாக இருக்கும். "இளைப்பாறும் மீனவர்" என்று எழுதி ஒட்டினேன்.

இரண்டு வருஷம் அந்தச் சீட்டு அங்கேயே இருந்தது. வந்தவர்கள் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், எப்போதாவது கப்பலிலிருந்து இறங்கிய துரைகள். ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. தப்பு என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மாடிப்படியில் கால் வைத்ததே கிடையாது. கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருந்ததும் எனக்குத் தெரியாது.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அண்ணாச்சி வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு அரைப் பக்கம்கூட நிறையவில்லை.

"ஏம்மா டீச்சர், யாருக்காக இதத் தொறந்து வச்சிருக்கோம்? ரேஷன் அரிசி வைக்க எடம் இல்லாம அலையுதாவ. இந்த மாசக் கடைசியோட மூடிருவோம். படத்த எல்லாம் பெட்டியில போட்டு மதுரையில, இதச் சேத்தவரு மகன் வீட்டுக்கு அனுப்பிருவோம்."

அரிசி பசிக்கு ஆகும். படம் எதற்கு ஆகும் என்று அவர் கேட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மனிதர் மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கறுத்து, கடலில் ஊறிய தோல். வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தோத்திரம். உள்ள வரலாமா?"

"வாங்க. எந்த ஊரு?"

"புன்னக்காயல். பேரு சூசை. எம் படம் ஒண்ணு இங்கன மாட்டியிருக்குன்னு சொன்னாவ."

நான் ஆச்சரியப்பட்டுக் கூட்டிப்போய்க் காட்டினேன். முகம் அதேதான், வயசுதான் கூடியிருந்தது. அவர் வெகுநேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே இருந்த சீட்டைக் காட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது."

நான் பெருமையாக வாசித்தேன். "இளைப்பாறும் மீனவர்."

"அப்படின்னா?"

"ஓய்வா உக்காந்திருக்கிற ஆளுன்னு அர்த்தம்."

"ஆரு எழுதினது?"

"நான்தான்."

"கடலுக்குப் போயிருக்கியளா?"

"இல்ல."

"எங்க ஊருக்கு?"

"இல்ல. எதுக்குக் கேக்கிறீங்க?" எனக்குச் சுருக்கென்றது. "கண்ண மூடி உக்காந்திருக்கிற ஆள, ஓய்வா இருக்காருன்னு எழுதாம வேற எப்பிடி எழுதுறதாம்?"

அவர் கோபப்படவில்லை. ஜன்னலில் மூங்கில் தட்டியைச் சுருட்டிக் கட்டுகிற நீளமான கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்தார். ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். மறு நுனியோடு பக்கத்து அறைக்குள் போய்ச் சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

"நான் சுண்டுவேன். சுண்டும்போது ‘ஆச்சு’ன்னு சொல்லுங்க டீச்சர்."

கயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தது. "ஆச்சு" என்றேன். "இல்ல" என்றார். மறுபடி அசைந்தது. "ஆச்சு." "அது காத்து." மூன்றாவது முறையும் தப்பு. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இப்போ கண்ண மூடுங்க."

மூடினேன். ஜன்னல் காற்றில் கயிறு ஆடுவது விரலுக்குத் தெரிந்தது. அது சும்மா ஆடுகிற ஆட்டம். அதற்கு நடுவில், மிக மெதுவாக, யாரோ கூப்பிடுவது மாதிரி ஒரு சின்ன இழுப்பு. "ஆச்சு!" என்று கத்தினேன்.

"ஆமா, அதுதான்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

வெளியே வந்து, கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டினேன், வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடலுக்குள் குளிக்கப் போகிறவருக்கு மேலே தோணியில் கயிறு பிடிப்பது அவர் மனைவியின் கூடப்பிறந்தவன்தான். அது அந்தக் கரையின் வழக்கம். தங்கச்சி தாலிக்குத் தன் கைதான் காவல் என்று எவனுக்குத் தெரியுமோ அவன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். கீழே மூச்சு முட்டுகிறவர் கயிற்றைச் சுண்டுவார், மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கண்ணைத் திறந்திருந்தால் அலையும் வெயிலும் ஏமாற்றிவிடும். அதனால் கண்ணை மூடி, உயிரையெல்லாம் விரல் நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் சூசை அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்தவர் அவருடைய தங்கை மதலேனின் புருஷன்.

அந்தப் படம் வரைந்த சில நாட்களில் அந்தத் தங்கை புருஷன் இறந்துபோனார்.

"கயிறு சுண்டவே இல்ல டீச்சர். நேரமாயிட்டேன்னு நானாத்தான் இழுத்தேன். கனமா வந்துச்சு. ஆளும் வந்தாவ. மூச்சுதான் வரல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சூசை கண்ணசந்துட்டான்னு ஊரு பேசுச்சு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். முழிச்சிருந்தும் போயிட்டாவளேங்கதுதான் எனக்குத் தாங்கல."

மதலேன் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வீடு தள்ளித்தான் வீடு. வருஷக்கணக்காகப் பேச்சில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகினாள். சின்னப் பிள்ளைகள் கையில் குழம்பு கொடுத்துவிடுவாள். கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்புவதை விட்டாள். இந்தச் சமயத்தில்தான், துறைமுக ஆபீசில் எழுத்து வேலை பார்த்த, கயிறு பிடித்தறியாத அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் எங்கள் கூடத்துக்கு வந்து படத்தையும் சீட்டையும் பார்த்திருக்கிறான். ஊருக்குப் போய், "சூசை தோணியில ஓய்வெடுக்கித படம் தூத்துக்குடியில தொங்குது, கீழ எழுத்துலயே போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டான். மதலேன் காதுக்குப் போனது. குழம்பு நின்றது.

"அடுத்த மாசம் எம் மவளுக்குக் கல்யாணம். அத்தை இல்லாம எப்பிடி? ஆள் விட்டுக் கேட்டேன். ‘படத்துல தூங்குதவனோட எனக்கு என்ன பேச்சு’ன்னு சொல்லி அனுப்பிட்டா. அதான், அப்பிடி என்னதான் எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, நின்ற இடத்தில் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஊருக்குப் புரியட்டும் என்று தமிழில் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கயிற்றின் மறு நுனியில் என்ன இருக்கிறது என்று ஒரு மனுஷரிடம்கூடக் கேட்கவில்லை.

"நீங்க உக்காந்திருந்தப்போ, படம் வரைஞ்சவரு ஒண்ணுமே கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாரு. ‘என்ன செய்யிதே’ன்னு கேட்டாரு. ‘மச்சான் கீழ இருக்காவ, பேசாதிய’ன்னேன்."

அவர் எதிரிலேயே பழைய சீட்டை உரித்தெடுத்தேன். திங்கட்கிழமை அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். கமிட்டியைக் கேட்காமல் சீட்டை மாற்றக் கூடாது என்று விதி. "மூடப்போற கடைக்கு எதுக்கும்மா புதுப் போர்டு?" என்றார். "மூடுறதுக்குள்ள ஒரு நாளாவது சரியா இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், படியிறங்கிப் போய்விட்டார். புதுச் சீட்டை எழுதி ஒட்டினேன்: "மச்சான் கீழே இருக்கிறார்."

சீட்டு மாறினால் மனசு மாறிவிடுமா? மறுநாள் காலையில் புன்னைக்காயலுக்குப் போகிற வள்ளம் ஒன்றில் ஏறினேன். பனங்காட்டுக்காரி கடலில் போன லட்சணத்தை என்னவென்று சொல்ல! வழி நெடுக வாந்தி. "டீச்சர், மீனுக்குச் சாப்பாடு போட்டது போதும்" என்று வள்ளக்காரர்கள் சிரித்தார்கள்.

மதலேன் குசினியில் இருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பொம்பளை. யார் என்று சொன்னேன். உரித்தெடுத்த பழைய சீட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"இத எழுதினது நான். ஒங்க அண்ணன் இல்ல, படம் வரைஞ்சவரு இல்ல. ஒண்ணும் தெரியாம நானா எழுதினேன். தப்பு என்னோடது."

அவள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அடுப்புக்குள் போட்டாள்.

"எழுதினத அழிச்சிரலாம் டீச்சர். கேட்ட காத என்ன செய்ய?"

"வந்து கண்ணால பாருங்க. இந்த மாசக் கடைசியில படத்த எல்லாம் பெட்டியில போட்டுக் கொண்டுபோயிருவாங்க. அதுக்கப்புறம் பாக்கணும்னாலும் முடியாது."

"பாத்து என்ன ஆவப்போவுது?" என்றாள். எனக்குச் சூடாக ஒரு டம்ளர் சுக்குத்தண்ணி கொடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில் வாந்தி வரவில்லை, அழுகைதான் வந்தது.

சூசை மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். மேலே வர மாட்டார். தங்கச்சி வருவாளா என்று மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார், சாயந்தரம் எழுந்து போய்விடுவார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. மூலையில் காலிப் பெட்டிகளை அடுக்கியாகிவிட்டது. வைக்கோலும் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் படிக்கட்டில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு வள்ளம் நிறையப் பெண்கள். தூத்துக்குடி மாதா கோயிலுக்கு வந்தவர்கள், அப்படியே இங்கே வந்துவிட்டார்கள். முன்னால் மதலேன். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த அண்ணனை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து வந்தாள்.

எங்கள் வாசலில், குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைக்க என்று ஒரு சிவப்பு வாளியில் தண்ணீர் வைத்திருப்போம். யுத்த காலத்துச் சட்டம். மதலேன் உள்ளே வரும்போது அந்த வாளியில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்குமே, அது என்று நினைத்துவிட்டாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள். சிரிப்பு வந்தது எனக்கு. அப்புறம் வரவில்லை. மரியாதையாக ஓர் இடத்துக்குள் நுழைகிறார்கள், அதில் திருத்த என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அந்த வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

பதிவேட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். "எங்களுக்குக் கையெழுத்துத் தெரியாதே" என்றாள் ஒருத்தி. "ஒங்களுக்குத் தெரிஞ்சதப் போடுங்க" என்றேன். ஆளுக்கு ஒரு சிலுவை போட்டார்கள்.

அந்தச் சிலுவைகள் பிறகு என்ன ஆயின என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயந்தரம் பெட்டிகளுக்கு ஆணி அடிக்க ஆளோடு அண்ணாச்சி வந்தார். பதிவேட்டைத் திறந்து, "இது என்ன, பூராவும் தப்புன்னு போட்ட பரீட்சப் பேப்பர் மாதிரி?" என்றார். ஒவ்வொரு சிலுவையும் ஓர் ஆள் என்றேன், யார் யார் என்றும் சொன்னேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "நம்ம கூடத்துக்கா? இவ்வளவு பேரா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆணி அடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் வீடு வீடாகப் போனார். அரிசி மூட்டைக்கு வேறு கிட்டங்கி கிடைத்தது. அடுத்தடுத்த வாரங்களில் பதிவேடு பக்கம் பக்கமாக நிறைந்தது. காயல்பட்டினத்துக் கப்பல்காரர்கள் வந்தார்கள், கொற்கையிலிருந்து வயல்வேலைக்காரர்கள் வந்தார்கள். உப்புக்காற்று படத்தைத் தின்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, புன்னைக்காயல்காரர்கள் வள்ளத்தின் பழைய பாய்த்துணியைத் தைத்து ஜன்னலுக்கெல்லாம் திரை கட்டிக்கொடுத்தார்கள். படக்கூடத்தை எப்படி ஆதரிப்பது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறீர்களாமே. வந்து பார்க்கிறவர் தேவை. தப்பைத் தப்பு என்று சொல்லுகிறவர் தேவை. காற்று அடிக்கிற பக்கம் ஒரு துணி பிடிக்கிறவர் தேவை. அவர்கள் வரவேண்டுமானால், உங்கள் படங்களுக்குக் கீழே அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது உண்மையாக இருக்க வேண்டும்.

சரி, மதலேனிடம் வருகிறேன்.

படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் அண்ணன் முகத்தை முதலில் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். அங்கிருந்து கயிற்றோடு கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள், தண்ணீர் வரைக்கும். நான் இரண்டு வருஷம் தூசி தட்டிய படம். ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன எழுதியிருக்கு டீச்சர்?"

"மச்சான் கீழே இருக்கிறார்."

"ஆரு சொன்னது?"

"ஒங்க அண்ணன். அன்னைக்குத் தோணியில வச்சுச் சொன்னது."

மதலேன் படச்சட்டத்துக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோனாள். படத்தைத் தொடவிடக் கூடாது என்பது விதி. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் தொடவில்லை, கயிற்றின் வழியே காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

"கயிறு நேரா நிக்கல, பாத்தியளா? சாஞ்சு நிக்குது. அப்பிடின்னா அவிய முன்னால போயிக்கிட்டு இருக்காவ. சிப்பி பொறுக்குதாவ." குரல் உடைந்தது. "எங்கிட்ட அவிய போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது டீச்சர். மொகமே மறந்துருமோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். இதுல இருக்காவளே. இந்தத் தண்ணிக்குள்ள, உசுரோட இருக்காவளே."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சூசை எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. வாசலில், சிவப்பு வாளிக்குப் பக்கத்தில், துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

மதலேன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற அந்த வாலிப முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அண்ணே, கயித்த விட்டுராத."

வாசலிலிருந்து பதில் வந்தது. "விடமாட்டேம்ளா."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு திரும்பி, வாசலில் நின்றவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கல்யாணம் என்னைக்கு?"